தேய்ந்த டயர்

புரோத்ராபூர் மண்சாலையில் மங்கையர்க்கரசி ஓட்டிய வேன் சேற்றில் வழுக்கி, ஓடையோரம் சிக்கி நின்றது. பின்சீட்டில் பிரசவ வலியில் துடித்த தங்கை மீனா அலறினாள்.

"ஆக்சிலேட்டரை நல்லா மிதி" என்றான் மங்கையர்க்கரசியின் பக்கத்தில் இருந்த அவள் கணவன் நந்தகுமார்.

"மிதிச்சா இன்னும் புதையும்! மழைக்கு முன்னாடியே சேத்துல பிடிக்கிற டயர் மாத்தச் சொன்னேன். இந்தியில 'சலேகா'ன்னு சமாளிச்சு, 'இந்த வருஷம் ஓடிடும்'னு சொன்னது யாரு? இறங்குங்க!"

சேற்றில் பிடிமானம் கூடும்படி அவளே டயர்களில் பாதிக் காற்றை இறக்கினாள். சக்கரங்களுக்கு அடியில், ஓரத்தில் கிடந்த தென்னை மட்டைகளைத் திணித்தாள். முழங்கால் சேற்றில் நின்று நந்தகுமார் தள்ள, வேன் மெல்ல மேலேறியது.

ஆஸ்பத்திரி வாசலில் மீனாவை இறக்கியதும் சாவியை அவன் கையில் திணித்தாள்.

"முதல்ல காத்து அடிங்க. நாலு டயரும் மாத்தாம என் கண்ணு முன்னாடி வராதீங்க."

அன்று மாலை மீனாவுக்குப் பெண் பிறந்தது. மங்கையர்க்கரசிக்குக் கோபம் ஆறவில்லை.