மிஸ்ஸுக்கு எடுத்து வைத்த தண்ணீர்

எங்கள் பள்ளிக்குப் பின்னால் ஓடும் ஓடைக்கு என்மேல் என்ன கோபமோ தெரியவில்லை. நான் போகாத நாளெல்லாம் சிவப்பும் நீலமுமாகப் போகும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, பாட்டிலும் கையுறையுமாக நான் போய் நின்றால் போதும், ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி வெறும் சாக்கடை நிறத்தில் ஓடும். மழை பெய்தால்தான் சாயப்பட்டறைக்காரர்கள் கழிவைத் திறந்துவிடுவார்கள் என்பது இந்தப் பக்கத்தில் குழந்தைக்குக்கூடத் தெரியும். மழை எப்போது வரும் என்று எனக்கு யார் சொல்வது?

நான் ஜெனிட்டா, பதினொன்றாம் வகுப்புக்கு வேதியியல் ஆசிரியை. இந்த ஓடையோடு மல்லுக்கட்டக் காரணம் இருக்கிறது. அதன் கரையை ஒட்டித்தான் பள்ளியின் போர்வெல். வாயில் வைத்தால் கரிக்கும் அந்தத் தண்ணீரில்தான் சத்துணவு வேகிறது, பிள்ளைகள் குடிப்பதும் அதைத்தான். மேட்டூர் அணையிலிருந்து குழாயில் வரும் நல்ல தண்ணீருக்கு இணைப்பு கேட்டுத் தலைமையாசிரியரும் நானும் நடையாய் நடந்தோம். கடைசியில் குடிநீர் வாரியத்தில் கைலாசம் என்று ஓர் அதிகாரி மனம் இரங்கினார்.

"ஓடையில சாயம் கலக்குதுன்னு கண்ணுல காட்டுங்கம்மா. இணைப்புக்கு நானே எழுதித் தர்றேன். திங்கக்கிழமை வர்றேன்" என்றார்.

போர்த் தண்ணீரில் மீட்டரை விட்டு, உப்பு எகிறிக் கிடப்பதைக் காட்டினேன். "இந்தப் பக்கம் எந்தப் போர்ல உப்பு இல்ல?" என்று சிரித்தார். சிவப்பு ஓடையின் படத்தைக் காட்டினேன். "போன்ல எந்தக் கலர் வேணும்னாலும் வருமே" என்றார். வந்த ஆத்திரத்துக்கு அந்த போனை அவர் மேசைமேலேயே போட்டு உடைத்திருப்பேன். என் போனாயிற்றே என்று பைக்குள் வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மழை கொட்டியது. எனக்கென்று வந்து வாய்த்ததைப் பாருங்கள், நான் கோயிலில் இருந்தேன். தம்பி ஜூட்டின் குழந்தைக்கு ஞானஸ்நானம், நான்தான் ஞானத்தாய். குழந்தையை ஏந்தி நிற்கும்போது போன் துடித்தது. ஓரமாக ஒதுங்கி எடுத்தேன். மதுமதி. ஓடைக்கரையில்தான் அவள் வீடு. என் வகுப்பிலேயே சூட்டிகையான பெண்.

"மிஸ், செக்கச்செவேல்னு போகுதுங்க மிஸ்!"

"எடு சாமி! தண்ணில எறங்கிறாத. வாளியில கயிறு கட்டி மொண்டுக்க. நல்லா மூடி ஃபிரிட்ஜுல வெச்சு நாளைக்குக் கொண்டா."

"ஆகட்டுங்க மிஸ். நான் பாத்துக்கறேனுங்க."

திரும்பி வந்து நின்றேன். அலகையை, அதாவது சாத்தானை, விட்டுவிடுகிறீர்களா என்று சாமியார் கேட்டார். விட்டுவிடுகிறேன் என்று நான் போட்ட சத்தத்தில் குழந்தை வீல் என்று அழுதது.

திங்கட்கிழமை கைலாசம் வந்து, என் வகுப்புப் பிள்ளைகள் கூடியிருந்த ஆய்வகத்தில் உட்கார்ந்தார். மதுமதி துண்டில் சுற்றிய பாட்டிலை என்னவோ பிரசாதம் மாதிரி எடுத்து மேசைமேல் வைத்தாள். பாட்டிலில் தண்ணீர் பளிச்சென்று இருந்தது.

கைலாசம் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "எங்க ஊட்டுத் தண்ணியவிட நல்லாருக்கே டீச்சர்!" சிரித்துக்கொண்டே எழுந்து போய்விட்டார். தலைமையாசிரியர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவரை வழியனுப்பப் போனார்.

"ஏன்டி, என்னடி பண்ணித் தொலச்ச?" என்று மதுமதியிடம் பாய்ந்தேன்.

"நேத்து எடுத்ததுதானுங்க மிஸ்." முகம் வெளுத்துவிட்டது. "வேட்டித்துணிய நாலா மடிச்சு வடிகட்டுனேனுங்க. அப்பறம் படிகாரம் போட்டுத் தெளிய வெச்சு, மேலாக மொண்டு ஊத்துனேனுங்க. மிஸ்ஸுக்குக் குடுக்கற தண்ணிய அப்படியேவா குடுப்பாங்கன்னு அம்மா சொல்லுச்சுங்க."

"அடிப் பாவி! சாயத்தக் காட்டத்தானடி எடுக்கச் சொன்னேன்!"

"சாயம் தண்ணில கொஞ்சம் நிக்கும்னு நெனச்சேனுங்க மிஸ். எங்கூட்ல வடிகட்டுனா கொஞ்சம் நிக்குமுங்களே."

"ஊட்லயா? ஊட்ல எதடி வடிகட்டுவ?"

"போர்த் தண்ணிங்க மிஸ். குடிக்கறதுக்கு. தெனமும் இப்படித்தானுங்க."

வகுப்பைப் பார்த்துத் திரும்பினேன். "வேற யார் ஊட்லயாச்சும் இப்படிப் பண்றீங்களா?"

முன்வரிசையில் சுகன்யா கை தூக்கினாள். அப்புறம் தர்ஷன். அப்புறம் கைகள் எழுந்துகொண்டே இருந்தன. ஓடைக்கரைத் தெருப் பிள்ளைகள் ஒருவர் பாக்கியில்லை. இவர்களைக் கூட்டிக்கொண்டுதான் நான் ஓடை நெடுகச் சாயம் தேடி அலைந்தேன். எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது. எங்கள் வீட்டுக் குழாயில் மேட்டூர்த் தண்ணீர் வருகிறது.

"இதை ஏன்டா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"அதப் போயி எப்படிங்க மிஸ் வெளிய சொல்றது? மானம் போயிருமுங்க" என்றான் தர்ஷன்.

"போகட்டும்டா!" என்று கத்தினேன். "போக வேண்டியது உங்க மானம் இல்லடா."

மதுமதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பாட்டிலை எடுத்து, அவ்வளவு பாடுபட்டுத் தெளியவைத்த தண்ணீரைத் தொட்டியில் கவிழ்த்தாள்.

"ஊட்டு போர்த் தண்ணிய வடிகட்டாம அப்படியே புடிச்சுட்டு வாரேனுங்க மிஸ்" என்று பின்பக்கச் சந்து வழியாக ஓடினாள். மற்றதுகளும் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடின.

வாசலில் கைலாசத்தின் ஜீப் உறுமுகிற சத்தம் கேட்டது. நான் முன்பக்கமாக ஓடி, வாட்ச்மேன் கையிலிருந்து பூட்டைப் பிடுங்கி, ஜீப் வெளியே போவதற்குள் கேட்டை இழுத்துப் பூட்டினேன்.