எலும்பின் வயது

மூன்றாம் வகுப்புச் சீருடைக்கு அளவெடுக்கும்போதுதான் ஜெபகுமாரி கவனித்தாள். டேப்பை மார்பைச் சுற்றி இழுத்ததும் மகள் நெளிந்தாள்.

"வலிக்குதும்மா."

தொட்டுப் பார்த்தாள். காம்புக்கு அடியில் புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி. மறுபக்கமும். இரணியலில் பதினொரு வருடமாகப் பெண்பிள்ளைகளுக்குத் தைக்கிறாள். அது என்ன என்று அவளுக்குத் தெரியும். ராகேலுக்கு ஏழே முக்கால் வயது. டேப்பைச் சுருட்டி வைத்தாள். கணவன் சிஜினிடம், பிள்ளைக்கு நெஞ்சில் வலி, டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று மட்டும் சொன்னாள்.

நாகர்கோவிலில் டாக்டரம்மா பிள்ளையின் இடது கையை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். வயிற்றுக்கு ஸ்கேன். இரண்டும் வந்ததும் படங்களைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"பிள்ளைக்கு எட்டு ஆகல்ல. இந்த எலும்புக்குப் பதினொண்ணு. கர்ப்பப்பையும் வளர ஆரம்பிச்சாச்சு. இப்படியே விட்டா ஒம்பதுக்குள்ள வயசுக்கு வந்திருவா. உயரமும் சீக்கிரம் நின்னிரும்."

மாதம் ஒரு ஊசி போட்டால் தள்ளிப்போடலாம் என்றார். வீட்டில் பயிருக்கு மருந்து அடிப்பது உண்டா என்று கேட்டார்.

ஜெபகுமாரி வாய் திறக்குமுன் ராகேல் சொன்னாள். "வாழைக்கு அப்பா அடிப்பாவ. நான்தான் கலக்கிக் குடுப்பேன். தண்ணி பால் மாதிரி ஆவும்."

உண்மைதான். டிரம்மில் மருந்தை ஊற்றியதும் சிஜின் ஒரு மரச்சீனிக் கம்பை அவள் கையில் கொடுப்பான். வெள்ளை திரண்டு வரும்போது அவள் போடும் கூச்சலைக் கேட்பதற்காகவே கொடுப்பான்.

டாக்டரம்மா பேனாவை மூடினார். "இதுதான் காரணம்னு சொல்ல முடியாது. ஆனா சில மருந்து உடம்புக்குள்ள போயி பெண் ஹார்மோன் மாதிரியே நடிக்கும். உறுப்புங்க அதை நம்பிரும். இனி பக்கத்தில விடாதீங்க."

பஸ்ஸில் ராகேல் தூங்கினாள். நீண்ட கால்கள் பக்கத்தில் இருந்தவளை இடித்தன. "ஏழுதானா? நல்ல வளத்தி" என்றாள் அந்தப் பெண். இதே வார்த்தைக்கு ஜெபகுமாரி எத்தனையோ முறை சிரித்திருக்கிறாள்.

சிஜினிடம் ஊசியைப் பற்றிச் சொல்லலாம். கலக்கியதைச் சொல்ல வேண்டாம். மகளுக்குக் காய்ச்சல் என்றால் சோறு இறங்காதவன். டாக்டரம்மாவே உறுதியாகச் சொல்லாததை அவன் தலையில் எதற்கு வைக்க வேண்டும்?

சிஜின் வாழைத் தோட்டத்திலிருந்து நேராக பைக்கில் வந்து நிறுத்தத்தில் நின்றிருந்தான்.

"ஏட்டி, ஊசி போட்டாவளா? கத்தினியா?"

"இன்னும் போடல்ல. நான் ஒண்ணும் கத்த மாட்டேன். நீங்கதான் ஊசியக் கண்டா கத்துவிய."

சிரித்துக்கொண்டே அவளைத் தூக்கி பைக்கில் வைக்கக் குனிந்தான்.

"அப்பா, இனி நான் மருந்து கலக்கப்பிடாதாம். அது உடம்புக்குள்ள போயி நடிக்குமாம்."

குனிந்தபடியே மனைவியைப் பார்த்தான். "அப்பிடியா சொன்னாவ?"

"உறுதியாச் சொல்லல்ல."

டீக்கடை வாசலில் குழாய் இருந்தது. சிஜின் போய்த் திறந்தான். கையைக் கழுவினான். கடைக்காரரிடம் சோப்பு கேட்டு வாங்கி முழங்கை வரை தேய்த்தான். பிறகு கழுத்தை. விரல்களை முகர்ந்து பார்த்தான். மறுபடியும் தேய்த்தான்.

"போதும். வாங்க" என்றாள் ஜெபகுமாரி.

அவன் திரும்பவில்லை. பைக்கின் பக்கத்தில் ராகேல், தூக்குவதற்காக இரண்டு கைகளையும் உயர்த்தியபடி நின்றாள்.