பிறந்த வீட்டுக் கோடி

கருத்தக்கண்ணன் செத்துப்போன சேதி நாகமலை அடிவாரத்து மல்லிகைக் காட்டுக்கு வந்தபோது காலை ஆறரை மணி. இல்சா இடுப்பில் மடி கட்டிக்கொண்டு மொட்டுப் பறித்துக்கொண்டிருந்தாள். பூப் பறிக்கும் பெண்களில் மூத்தவளான அழகம்மாளின் செல்போன் அடித்தது. "என்னது?" என்று மட்டும் கேட்டாள். பிறகு போனைக் காதிலிருந்து எடுக்காமலே இல்சாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே இல்சாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

தஞ்சாவூர்ப் பக்கம் கதிர் அறுக்கும் மெஷினை வயலோரம் நிறுத்திவிட்டு டீ குடிக்க உட்கார்ந்தவர், உட்கார்ந்தபடியே போய்விட்டாராம். சாயங்காலம் நாலு மணிக்கு உடம்பு ஊருக்கு வந்துவிடும். அங்கே பறித்துக்கொண்டிருந்த எல்லாருக்கும் அவர் ஏதோ ஒரு முறையில் சொந்தம். பாதி நிரம்பிய கூடைகளைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருத்தியாக வரப்பில் நடந்து போனார்கள்.

இல்சா மட்டும் காட்டில் நின்றாள். அவள் என்ன முறை என்று யாரும் சொல்லவில்லை.

பெல்ஜியத்திலிருந்து கண்மாய்ப் பாசனத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்யப் பல்கலைக்கழகத்துக்கு வந்தவள். இரண்டு வருடம் என்று வந்து பதினோரு வருடம் ஓடிவிட்டது. ஆராய்ச்சி எந்த அலமாரியில் தூங்குகிறதோ, அவளுக்கே தெரியாது. இரண்டு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து மல்லிகை போட்டாள். ராமநாதபுரம் பக்கமிருந்து பதியன் கொண்டுவந்து நட்டுக் கொடுத்தவர்தான் கருத்தக்கண்ணன். மனைவியை இழந்தவர், பிள்ளை கிடையாது, ஓரிடத்தில் கால் தரிக்காத மனுசர். அறுப்புக் காலம் வந்தால் மெஷினோடு கிளம்பி ஜில்லா ஜில்லாவாகச் சுற்றுவார். என்றைக்காவது சொல்லாமல் கொள்ளாமல், தலையெல்லாம் வைக்கோல் தூசியோடு வந்து கிணற்றடியில் நிற்பார். "ஏ புள்ள, சுடுதண்ணி போடு" என்பார். அவ்வளவுதான், அவள் கால் தரையில் பாவாது.

ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் கேட்பார்: "கோயில்ல வச்சு ஒரு தாலியக் கட்டிப்புடுவமா?"

"அடுத்த அறுப்பு முடியட்டும்" என்று சிரிப்பாள் இல்சா. தாலியில் என்ன இருக்கிறது என்பது அவள் நினைப்பு. படித்தவளுக்கு இருக்கிற மண்டைக்கனம், வேறென்ன!

இன்றைக்குப் புரிந்தது. பெஞ்சாதி என்றால் தலைமாட்டில் உட்காரலாம். முகத்தைப் பார்த்துக்கொண்டே அழலாம். மற்றவர்கள் ஒரு மாலையைப் போட்டுக் கும்பிட்டுவிட்டுப் பந்தலில் போய் உட்கார வேண்டும். அவருடைய தலைமாடு அவளுக்கு வேண்டும். உலகத்தில் வேறொன்றும் அப்போது வேண்டியிருக்கவில்லை.

பகல் எப்படிப் போனது என்று தெரியவில்லை. செடிகளுக்கு நடுவே நடந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி நடந்தாள். மலை ஒரு சமயம் பக்கத்தில் வந்தது, ஒரு சமயம் வெயிலுக்குள் கரைந்து போனது. கிணற்றடியில் யாரோ தொண்டையைச் செருமியது போல இருந்தது. திரும்பிப் பார்த்தால் ஒரு கொக்கு. பறிக்காத மொட்டுகள் வெள்ளையாகத் தடித்துக்கொண்டிருந்தன. மொட்டாகவே சந்தைக்குப் போய்விடுவதால் அவள் தன் காடு முழுக்க மலர்ந்து பார்த்ததே இல்லை. இன்று சாயங்காலம் மலரும், பார்க்க ஆளிருக்காது.

மூன்று மணிக்கு அவளுக்குக் கோடி ஞாபகம் வந்தது. இந்த ஊரில் புருசன் செத்தால் பெஞ்சாதிக்குப் பிறந்த வீட்டிலிருந்து புதுச்சேலை வரும். அதைப் போர்த்தினால்தான் அவள் அவனுடைய பெஞ்சாதி என்று ஊர் ஒத்துக்கொள்ளும். இதைப் பற்றி ஒரு காலத்தில் நோட்டில் பக்கம் பக்கமாக எழுதியவள் அவள். அவளுடைய அம்மாவோ கெண்ட் நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில், மகள் பெயரைக்கூட மறந்து படுத்திருக்கிறாள். யார் கொண்டுவருவார்கள்? இல்சா பஸ் ஏறி நாகமலை புதுக்கோட்டையில் இறங்கி, கடையில் சந்தன நிறத்தில் ஒரு சேலையைத் தானே வாங்கினாள்.

சாவு வீட்டில் கொட்டுச் சத்தம். ஐஸ் பெட்டிக் கண்ணாடிக்குள் கருத்தக்கண்ணன் நெற்றி நிறைய விபூதியோடு படுத்திருந்தார். தலைமாட்டில் அவருடைய தங்கச்சி ராக்கம்மாள். இல்சா கடைப் பையை நீட்டினாள்.

"என்னது இது?"

"கோடி."

"யாரு கொண்டாந்தா?"

"நான்தான்."

அழுதுகொண்டிருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டார்கள். "அடியாத்தே, தனக்குத் தானே கோடி வாங்கிட்டு வந்துருக்கா" என்று ஒருத்தி வாயில் கை வைத்தாள்.

ராக்கம்மாள் கெட்டவள் இல்லை. குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள்: "எங்கண்ணன் ஒம்மேல உசுரா இருந்துச்சு, இல்லேங்கல. ஆனா ஒனக்குன்னு ஒரு வீடு வந்து வாசல்ல நிக்கணும்ல? அம்புட்டுச் சனமும் பாக்குது. மாலையப் போட்டுட்டு அங்கிட்டுப் போய் உக்காரு."

அழகம்மாள் எழுந்து வந்து இல்சாவின் கையிலிருந்த பையை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு வெளியே போனாள். இவளுமா என்று இருந்தது இல்சாவுக்கு. பந்தல் ஓரத்தில் போய் உட்கார்ந்தாள். ஒப்பாரி தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போல மங்கலாகக் கேட்டது. அடக்கத்துக்கு நேரமாகிறது என்று யாரோ சொன்னார்கள். எழுந்து போய்விடலாம் என்று நினைத்தாள், கால் வரவில்லை.

அப்போது தெருக்கோடியில் இன்னொரு கொட்டுச் சத்தம் கேட்டது.

முன்னால் வீரணன், அழகம்மாளின் அண்ணன். இல்சாவின் பக்கத்து வயல்காரர். வாய்க்கால் தண்ணீருக்காக அவளோடு இரண்டு வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லை. போன மாதம்தான் மடையை அடைத்துவிட்டுப் போனார். அந்த மனுசன் கையில் தட்டு, தட்டில் தேங்காய், பழம், மேலே சந்தன நிறச் சேலை. பின்னால் பூப் பறிக்கும் பெண்கள் எல்லாரும் வந்தார்கள்.

"வீரணா, நீ எந்த முறையில கோடி கொண்டு வார?" என்று பந்தலிலிருந்து ஒருவர் கேட்டார்.

"செத்தவருக்கு நாங்க மாமன் மச்சான் வீடு. பொண்ணு குடுக்கப் பாத்தியப்பட்ட வீடு. குடுத்தோம்னு வச்சுக்கங்க" என்றார் வீரணன். கேட்டவர் நாற்காலியை நகர்த்தி வழி விட்டார். இல்சா பக்கம் வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு முணுமுணுத்தார்: "தண்ணி விசயம் வேற, இது வேற."

அழகம்மாள் காலையில் பறித்த மொட்டில் ஒரு முழம் கட்டி வைத்திருந்தாள். அதை இல்சாவின் செம்பட்டை முடியில் சொருகினாள். "இன்னைக்கு ஒரு நாள் வச்சுக்க தாயி. பெறகு வைக்கக் கூடாது" என்றாள். சேலையை விரித்து இல்சாவின் தலைவழியே போர்த்திவிட்டாள்.

ராக்கம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு எழுந்து நகர்ந்து இடம் விட்டாள். இத்தனை வருடமும் வெள்ளைக்காரி என்றே சொல்லிவந்தவள், "இங்கிட்டு வந்து உக்காருங்க அண்ணி" என்றாள்.

இல்சா தலைமாட்டில் உட்கார்ந்து கண்ணாடியில் கை வைத்தாள். சில்லென்றிருந்தது. அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது. எப்போதும் கண்ணா என்று பேர் சொல்லியே கூப்பிட்டவளுக்கு அன்று அந்தப் பேர் வாயில் வரவில்லை. ஊரில் எல்லாப் பெஞ்சாதிகளும் கூப்பிடுவது போல "ஏங்க" என்று கூப்பிட்டாள். பதில் வராது என்று தெரிந்தும் இன்னொரு தரம் கூப்பிட்டாள்.