பஸ்ஸுக்கும் வால்வுக்கும் என்ன சம்பந்தம்

பஸ்ஸுக்கும் வால்வுக்கும் என்ன சம்பந்தம் என்று வரித்துறை அதிகாரியம்மா கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விசாரணை அறையில் சிரிக்கக் கூடாது, தெரியும். ஆனால் பதினெட்டு வருடமாக இதே கேள்வியோடு வருகிற நோட்டீஸ்களுக்குப் பதில் எழுதிப் பிழைக்கிறவள் நான். செடிக்கும் வால்வுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு வருடம் கேட்டார்கள். எலி பிடிக்கிறவருக்கும் வால்வுக்கும் என்ன சம்பந்தம் என்று இன்னொரு வருடம். எலி ஒயரைக் கடித்தால் மெஷின் நிற்கும், மெஷின் நின்றால் வால்வு ஏது என்று நான் எழுதிய பதிலை எங்கள் ஆபீஸில் நகலெடுத்து ஆளாளுக்குப் படித்துச் சிரித்தார்கள். அன்றிலிருந்து என் பெயர் போய் நோட்டீஸ் அக்கா ஆகிவிட்டேன்.

விஷயம் ஒன்றும் பிரம்ம ரகசியம் இல்லை. எங்கள் தொழிற்சாலை தண்ணீர்க் குழாய்க்கு வால்வு செய்கிறது. வால்வு விற்றால் அரசுக்கு வரி கட்ட வேண்டும். செய்வதற்காக வெளியாட்களிடம் ஏதாவது வேலை வாங்கினால் அவர்கள் பில்லிலும் வரி இருக்கும். அந்த வரியை நாங்கள் கட்டுகிற வரியில் கழித்துக்கொள்ளலாம், அந்த வேலை தயாரிப்புக்காக இருந்தால். இல்லையென்றால் கழித்ததைத் திருப்பிக் கட்டு, வட்டியும் கட்டு, அபராதமும் கட்டு. இந்த வருடம் மாட்டியது பஸ். காலையில் பெண்களை ஏற்றிக்கொண்டு வந்து மாலையில் இறக்கிவிடுகிற வாடகை பஸ்.

பதிலை நான் ரசித்து எழுதியிருந்தேன் என்பதை மறைப்பானேன். ஆறு மணி ஷிஃப்டுக்கு வேறு வண்டி கிடையாது, அறுபது பெண்கள் வராவிட்டால் ஒரு வால்வுகூட வெளியே போகாது, ஆகவே பஸ்தான் எங்கள் தொழிற்சாலையின் முதல் மெஷின் என்று மூன்று பக்கம். மேனேஜர் அந்தக் கடைசி வரியை அடிக்கப் பார்த்தார். எதற்கெடுத்தாலும் "சுருக்கமா சொல்லுங்க" என்பவர் என்பதால் அவருக்குச் சுருக்கம் என்றே பெயர். நான் அடிக்க விடவில்லை. இப்போது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேனா மூடியைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தார்.

அதிகாரியம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு அதையே மேஜைமேல் தேடுகிற ஆள். பதிலை முழுவதும் படித்திருந்தார். அப்படிப் படிக்கிறவர்கள் அபூர்வம்.

"நல்லா எழுதியிருக்கீங்கம்மா. படிச்சப்போ சரின்னுதான் தோணிச்சு" என்றார். பிறகு காகிதக் கட்டிலிருந்து மஞ்சள் சீட்டு ஒட்டிய தாள் ஒன்றை உருவினார். "அப்புறம் இதையும் படிச்சேன். இதுவும் நீங்க குடுத்ததுதானே?"

என்னிடம் ஒரு பழக்கம். கேட்டதற்கு மேல் இரண்டு தாள் கூடவே கொடுத்துவிடுவேன். மறுபடி கேட்டு அலையவிட மாட்டார்கள் பாருங்கள். பஸ் ஒப்பந்தம் வேண்டும் என்று கேட்டதும் பஸ் ஃபைல் மொத்தத்தையும் நகலெடுத்து அனுப்பியிருந்தேன். அதன் அடியில் இது கிடந்திருக்கிறது. எட்டிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, எனக்கு மனப்பாடம். மேற்படி பேருந்து தொழிலாளர்களின் சொந்த வசதிக்காக மட்டுமே இயக்கப்படுகிறது. எங்கள் தயாரிப்புப் பணிக்கும் அதற்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. எனவே ஊழியர் எண் 212-க்கு ஏற்பட்ட காயம் பணியின்போது ஏற்பட்டதாகாது. ஆறு வருடத்துக்கு முன் விபத்து நஷ்ட ஈட்டு அலுவலகத்துக்குப் போன கடிதம். கையெழுத்து பழைய மேனேஜருடையது.

"ஒரே பஸ்ஸு" என்றார் அதிகாரியம்மா. குரலை உயர்த்தவில்லை. "ஒருத்தங்களுக்கு அடிபட்ட அன்னிக்கு அது உங்க வேலையில சேராது. வரி கழிக்கிற அன்னிக்கு மட்டும் சேரும். நான் எதை நம்பட்டும்? ஏழு நாள்ல எழுத்துல குடுங்க."

திரும்பும்போது காரில் சுருக்கம்தான் பேச்சை எடுத்தார். அவர் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. பழைய கதை எதுவும் தெரியாது.

"சுருக்கமா சொல்லுங்க. யாரு அந்த 212?"

"அசெம்பிளியில இருந்தாங்க சார். கால்வாய்த் திருப்பத்துல பஸ் சாஞ்சுது. ஜன்னல் கம்பிக்கு அடியில வலது கை மாட்டிக்கிச்சு."

"கை போயிடுச்சா?"

"கை இருக்கு. பிடிப்பு இல்ல."

உச்சுக்கொட்டினார். நிஜமாகத்தான் கொட்டினார், பொய் சொல்லக் கூடாது. பிறகு, "பழைய லெட்டர் தப்புன்னு எழுதிடுங்க. பஸ் தயாரிப்புக்குத்தான்னு அடிச்சு எழுதுங்க. இந்தக் கேஸ் தோத்தா பஸ்ஸையே நிறுத்திடச் சொல்லி மேல பேசிக்கிட்டு இருக்காங்க" என்றார்.

"அப்ப அந்தம்மா நஷ்ட ஈடு திரும்பக் கேட்டா?"

"ஆறு வருஷம் ஆச்சே. அவங்களுக்கு யாரு போய்ச் சொல்லப் போறா?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஊழியர் எண் 212 என் நாத்தனார். என் வீட்டுக்காரரின் தங்கை. வீட்டில் எல்லோருக்கும் பாப்பா. முப்பத்தெட்டு வயதுப் பாப்பா. அன்று காலையில்கூட அவளுக்குத் தலை பின்னிவிட்டுத்தான் விசாரணைக்குக் கிளம்பியிருந்தேன்.

அந்தக் கடிதத்தை எழுதியது நான். பழைய மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, நீங்க எழுதினாத்தான் நல்லா இருக்கும் என்றார். அடிபட்டது என் வீட்டுப் பெண் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். மனுஷன் வேண்டுமென்றேதான் கொடுத்தார். அப்போது வீட்டுக்காரர் கடையை மூடிவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தார். வீட்டில் ஓடியது என் சம்பளம் ஒன்றுதான். இதெல்லாம் காரணம் என்று சொல்லிக்கொண்டு நான் தப்பிக்கப் போவதில்லை. பயந்தேன், எழுதினேன். அதுவும் அரைகுறையாகவா எழுதினேன்? இடுக்கு இல்லாமல், பதில் சொல்ல வழியில்லாமல், என் திறமை மொத்தத்தையும் காட்டி எழுதினேன். பாப்பாவின் மனு தள்ளுபடி ஆயிற்று. கம்பெனி ஆஸ்பத்திரிச் செலவைக் கருணை அடிப்படையில் கொடுத்தது. அந்தக் கருணை அடிப்படை என்ற சொல்லும் நான் போட்டதுதான்.

அசெம்பிளியில் அவள் கையைப் பார்க்கவே ஆட்கள் நிற்பார்கள். வாஷரை வைத்து, திருகி, தட்டி, தள்ளிவிடுவாள். அடுத்தது தயாராக வந்திருக்கும். இப்போது இடது கையால் எழுதப் பழகிவிட்டாள். சட்டைப் பொத்தானையும் ஒற்றைக் கையால் போட்டுக்கொள்வாள். பின்னல் மட்டும் வரவில்லை. முடியை வெட்டிக்கொள்ளேன் என்றால், "அது ஒண்ணுதான் மிச்சம் அண்ணி, அதையும் பிடுங்காதீங்க" என்று சிரிப்பாள். பஸ் நிற்கிற தெருப் பக்கம் இந்த ஆறு வருடத்தில் அவள் எட்டிப் பார்த்ததில்லை. கடைக்குப் போனாலும் பின்தெரு வழியாகச் சுற்றித்தான் போவாள்.

நான்கு நாள் அந்த விளக்கக் கடிதத்தை இழுத்தடித்தேன். ஐந்தாம் நாள் நஷ்ட ஈட்டு அலுவலகத்துக்குப் போன் போட்டேன், யாருக்கோ கேட்கிற மாதிரி. எடுத்த குமாஸ்தா கொட்டாவி விட்டுக்கொண்டே சொன்னார். "காலதாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனு போடலாம்மா. ஆனா சும்மா வந்தா நடக்காது. பழசு தப்புன்னு கம்பெனியே எழுதிக் குடுத்தது ஏதாவது இருந்தா எடுத்துக்கிட்டு வரச் சொல்லுங்க."

கம்பெனியே எழுதிக் கொடுப்பது. அது என் மேஜைமேல் பாதி எழுதிக் கிடந்தது.

அன்று மத்தியானமே எழுதி முடித்தேன். முந்தைய கடிதம் தவறானது. தொழிலாளர் பேருந்தில் ஏறும் நொடியிலிருந்து அவர்களுடைய பணி தொடங்குகிறது. பேருந்தின்றித் தயாரிப்பு இல்லை. சுருக்கம் ஒரு தரம் படித்துவிட்டு, பரவாயில்லையே, சுருக்கமா இருக்கே என்று கையெழுத்துப் போட்டார். துறைக்கு ஒன்று, ஃபைலுக்கு ஒன்று, பழக்கதோஷத்தில் கூட ஒன்று என்று நகலெடுத்தேன். கூட எடுத்ததைப் பழைய கடிதத்தின் நகலோடு சேர்த்து மடித்து டிபன் பாக்ஸுக்கு அடியில் வைத்தேன். பதினெட்டு வருடத்தில் ஒரு குண்டூசிகூட ஆபீஸிலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை. வாட்ச்மேன் எப்போதும் போல என் பையைப் பார்க்காமலே போகச் சொன்னார்.

மறுநாள் காலை ஐந்தேகாலுக்கு பாப்பா வழக்கம்போலச் சீப்போடு வந்து எனக்கு முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால் எனக்கு வார்த்தை வந்திருக்காது. சிக்கெடுத்து, மூன்றாகப் பிரித்து, பாதிப் பின்னல் வந்தபோது சொன்னேன். ரப்பர் பேண்டை வாயில் கவ்விக்கொள்வது வழக்கம், அன்று அதைத் தரையில் வைத்தேன்.

"பாப்பா, உன் மனுவைத் தள்ளுபடி பண்ணாங்கல்ல, அதுக்குக் கம்பெனி ஒரு லெட்டர் குடுத்துச்சு. அத எழுதினது நான்."

நான் விடாமல் சொல்லிக்கொண்டே போனேன். விசாரணை, மஞ்சள் சீட்டு, புதுக் கடிதம், குமாஸ்தா, எல்லாம். இரண்டு தாளையும் தோளுக்கு மேலாக நீட்டினேன். வாங்கி மடியில் வைத்து, மடங்காத வலது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு படித்தாள். பழையதைத்தான் முதலில் படித்தாள். தேதியில் விரல் வைத்தாள்.

"இது நான் ஆஸ்பத்திரியிலேருந்து வந்த வாரம்" என்றாள். "அன்னிக்குச் சாயங்காலம் எனக்குச் சாப்பாடு ஊட்டிவிட்டது நீங்கதானே அண்ணி?"

"ஆமா."

"இத எழுதிட்டு வந்துதான் ஊட்டினீங்களா?"

"ஆமா பாப்பா."

திட்டியிருக்கலாம். அண்ணனை எழுப்பிச் சொல்லியிருக்கலாம். வீடே இரண்டாகட்டும், அதற்கெல்லாம் நான் தயாராகத்தான் இருந்தேன். அவள் சட்டென்று எழுந்தாள். என் விரலிலிருந்து பின்னல் நழுவியது. இரண்டு தாளையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டாள், செருப்பை மாட்டினாள்.

"பஸ்ஸு அந்த நஷ்ட ஈட்டு ஆபீஸ் வழியாத்தானே போகும்?"

"அந்த வழிதான். ஆனா ஆபீஸ் பத்து மணிக்குத்தான்..."

"உக்காந்திருக்கேன். ஆறு வருஷம் உக்காந்துதானே இருந்தேன்."

தெருவில் அவள் எனக்கு முன்னால் நடந்தாள். பின்தெருப் பக்கம் திரும்பவில்லை. நிறுத்தத்தில் நின்ற பெண்கள் அவளைப் பார்த்ததும் விலகி வழிவிட்டார்கள். பழைய ஆட்கள் இரண்டு பேர் கையைப் பிடிக்க வந்தார்கள். அவள் உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள். பஸ் வந்து கதவு திறந்தது. டிரைவர் அடையாள அட்டை கேட்கத்தான் வாயெடுத்தார். யாரென்று புரிந்ததும் கியர் பக்கம் குனிந்துகொண்டார். பாப்பா இடது கையால் கம்பியைப் பற்றிப் படியில் கால் வைத்தாள். ஏறிவிட்டாள்.

என் பக்கத்து இடம் காலியாக இருந்தும் அவள் எனக்கு முன்சீட்டில் போய் உட்கார்ந்தாள். அவளிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று யோசித்துப் பார்த்தேன். அவிழ்ந்துகொண்டிருந்த பாதிப் பின்னல் அவள் தோளுக்கு முன்புறம் கிடந்தது. கிளம்பும்போது தரையிலிருந்து எடுத்த ரப்பர் பேண்ட் என் கையிலேயே இருந்தது.

கால்வாய்த் திருப்பம் வந்தது. பஸ் வேகத்தைக் குறைத்தது. அவள் ஜன்னல் கம்பியைப் பார்த்தாள், கண்ணை மூடினாள், பிடிப்பில்லாத கையை மடியில் இருந்த உறையின் மேல் வைத்துக்கொண்டாள். திருப்பம் முடிந்து பஸ் நேர்ச்சாலைக்கு வந்ததும் கண்ணைத் திறந்தாள். பிறகு திரும்பிப் பார்க்காமலே, இடது கையால் அந்தப் பாதிப் பின்னலை எடுத்து, சீட்டுக்குப் பின்னால் என் பக்கமாகப் போட்டாள்.