விமானம் இறங்குமுன் கூட்டிய வீடு

பயணம் புறப்பட்டவர் போய்ச் சேரும்வரை வீடு கூட்டக் கூடாது என்பதில் விசாலத்துக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது. கூட்டினால் போனவரையும் சேர்த்துத் தள்ளியதாகிவிடும். கப்பல் காலத்துப் பெண்கள் எத்தனை நாள் குப்பைக்குள் குடியிருந்தார்களோ, பாவம்! விசாலத்துக்கு அந்தக் கஷ்டமில்லை. அவள் கணவர், புடவைக்கடை ஞானசம்பந்தம், சரக்கெடுக்கச் சென்னைக்குத்தான் போவார். எழுநூறு கிலோமீற்றர்கூட இல்லை. ஆகாயத்தில் ஒன்றேகால் மணித்தியாலம்.

அன்று காலையிலும், இடது காலில் சுண்டுவிரல் இல்லாத அந்த மனிதர் செருப்பை மாட்டிக்கொண்டு “போயிட்டு வர்றேன்” என்று கிளம்பினார். டிக்கெட்டில் இருந்த புறப்படும் நேரத்திலிருந்து ஒன்றேகால் மணித்தியாலம் கழிந்ததும் விசாலம் விளக்குமாற்றை எடுத்தாள். வெள்ளவத்தையில் கடலோரத்து மாடிவீடு. ஜன்னலைத் திறந்தால் காற்றோடு மண்ணும் வரும். எல்லாவற்றையும் முறத்தில் அள்ளிய நேரம், மகள் விஷ்ணுப்பிரியா ஒபிஸிலிருந்து கோல் எடுத்தாள்.

“அம்மா, அப்பா பிளைட் லேட்டாத்தான் கிளம்பிச்சு. கடலுக்கு மேல போறத ஃபோன்ல பார்த்துக்கிட்டே இருந்தேன். திடீர்னு மேப்ல காணோம்மா.”

“காணோம்னா?”

“சிக்னல் போயிருக்கும். பயப்படாதீங்க.”

பயப்படாதே என்றால் பயப்படாமல் இருக்க யாரால் முடியும்? அவர் இறங்குமுன் கூட்டித் தொலைத்தோமே! முறத்து மண்ணை அள்ளி வாசற்கதவிலிருந்து படுக்கையறைவரை தூவினாள்.

“திரும்பி வந்துடுங்க! வீட்டுக்கு வந்துடுங்க!” என்று வாய்விட்டுக் கூப்பிட்டாள். பிறகு சாமி அறைக்குள் போய்க் கண்ணை மூடி உட்கார்ந்தாள்.

நெடுநேரம் கழித்து ஃபோன் அடித்தது.

“விசாலம், இறங்கிட்டேன்.” அவர் குரல்தான். “நடுவுல பிளேன் ஒரு ஆட்டு ஆட்டிருச்சு. அந்த நேரம் நீ கூப்பிட்ட மாதிரியே கேட்டுச்சு. அதுக்கப்புறம் என்னமோ உடம்புல கனமே இல்ல.”

போன உயிர் அவளுக்குத் திரும்பி வந்தது. அழுதாள், சிரித்தாள், கதிர்காமத்து முருகனுக்கு நேர்ந்துகொண்டாள். ஃபோனைக் காதில் இடுக்கியபடியே, தூவிய மண்ணைக் கூட்ட ஹோலுக்கு வந்தாள்.

மண்ணில் கால்தடம் இருந்தது. உள்ளே தாழ்ப்பாள் போட்ட கதவடியில் தொடங்கிப் படுக்கையறைக்குள் போயிருந்தது. திரும்பி வந்த தடம் இல்லை. இடது பாதத்தில் சுண்டுவிரலும் இல்லை.

படுக்கையறையில் ஃபேன் சுழலத் தொடங்கியது. வீட்டுக்கு வந்ததும் அவர் முதலில் போடுவது அதைத்தான்.

“லைன்ல இருக்கியா, விசாலம்?” என்றது ஃபோன்.

“இருக்கேங்க.”

இந்தத் தடத்தைக் கூட்டித் தள்ளினால் எந்த ஞானசம்பந்தம் போவார்? உள்ளே இருப்பவரா, அங்கே இறங்கியவரா?

விளக்குமாற்றைச் சத்தமில்லாமல் சுவரில் சாய்த்தாள். சென்னைக்குப் போனவர் திரும்பி வரும்வரை கூட்டப்போவதில்லை. வந்த பிறகு கூட்டலாமா என்று யாரிடம் கேட்பது?