பொது மேலாளரின் தெருவிளக்கு

மெத்தைக் கம்பெனியின் பொது மேலாளர் தெருவிளக்கில் படித்தவர். இதை அவர் சொல்லாத மேடை கிடையாது. விற்பனையாளர் கூட்டமானாலும் சரி, பஞ்சு வியாபாரியின் கடைத்திறப்பானாலும் சரி, மைக்கைத் தட்டிப் பார்த்த அடுத்த நிமிடம் விளக்கு எரியத் தொடங்கிவிடும். "எனக்கு யாரும் வாசல் திறந்துவிடவில்லை. நானே சுவரேறிக் குதித்து உள்ளே வந்தேன்" என்பார். சுவரேறிக் குதிப்பவருக்கு ஊரில் வேறு பெயர் என்று கூட்டத்தில் யாரும் சொன்னதில்லை. சாப்பாடு பேச்சுக்குப் பிறகுதான்.

இதில் ஒரே சங்கடம், அவர் வளர்ந்த தெருவில் விளக்கே கிடையாது. அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

அவரை நிர்வாக இயக்குநராக உயர்த்தக் கம்பெனி முடிவு செய்தது. பதவியேற்பு விழாவில் திரையிட அவருடைய வாழ்க்கையைப் படமெடுக்க ஒரு பெண்ணையும் அமர்த்தியது. "சார், நாளைக்கே உங்க பழைய வீட்டுக்குப் போயிடலாம். அந்த விளக்குதான் நம்ம ஹீரோ" என்றாள் அவள். மேலாளருக்கு ஏசி அறையில் வியர்த்தது. வயரிங் வேலை பார்க்கும் தம்பியை போனில் பிடித்தார்.

"தம்பி, ஒரு சின்ன உதவி."

"நீ இவ்வளவு பாசமா கூப்பிடறப்பவே தெரியுதுண்ணே, சின்னது இல்லைன்னு."

மேலாளர் விஷயத்தைச் சொல்லி முடித்தார். சிரிப்பான் என்று எதிர்பார்த்தார். தம்பி கேட்டது ஒன்றுதான்: "கம்பம் எவ்வளவு உயரம் வேணும்?"

மறுநாள் காலை பழைய வீட்டு வாசலில் கம்பம் நின்றது. தண்ணீர்க் குழாய்தான். உச்சியில் ஒரு வளைவு, அதில் தகரத் தொப்பி போட்ட பல்பு. மின்சாரம் சமையலறை ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது. அக்காவுக்குப் பழம்பொருள் கடையில் வேலை. போன மாதம் அறுத்த மரத்தில் தாத்தா காலத்து நாற்காலி செய்வது அவளுக்குக் கைவந்த கலை. கம்பத்துக்கு அவள் துரு ஏற்றி, அடியில் கொஞ்சம் பாசியும் பூசியிருந்தாள்.

"எப்படிடா தொரை?" என்றாள். வீட்டில் அவர் பெயர் அதுதான். "இப்பதான் ஒரு நாய் வந்து காலைத் தூக்கிட்டுப் போச்சு. அதுவே நம்பிடுச்சு."

அம்மா தன் பங்குக்குக் கம்பத்தில் கொடி கட்டி, அப்பாவின் பனியன்களைக் காயப்போட்டிருந்தாள். "கம்பம்னு ஒண்ணு இருந்து அதுல கொடி கட்டாத வீடு உண்டா? யாருடா நம்புவாங்க?"

அப்பா ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். பொய் சொன்னால் காது சிவந்துவிடும். அதனால் எதைக் கேட்டாலும் 'ஆமா' என்று மட்டும் சொல்லும்படி ஏற்பாடு.

படக்காரப் பெண்ணுக்குக் கம்பத்தைப் பார்த்ததும் கண் கலங்கியது. இருட்டைக் கம்ப்யூட்டரில் சேர்த்துக்கொள்ளலாம் என்றாள். மேலாளர் கோட்டும் புத்தகமுமாகக் கம்பத்தடியில் உட்கார்ந்தார்.

"ஐயா, உங்க மகன் இங்க உட்கார்ந்து படிச்சதைப் பார்த்திருக்கீங்களா?"

"ஆமா."

"அப்ப நீங்கல்லாம் எங்க இருந்தீங்க?"

"ஆமா" என்றார் அப்பா. காது ஜிவுஜிவு என்று சிவந்துவிட்டது.

கேமரா அம்மா பக்கம் திரும்பியது. "ஏம்மா, பிள்ளை தெருவுல கிடந்து படிக்குது. உள்ள கூப்பிடணும்னு தோணலையா? யாருமே கண்டுக்கலையா?"

கேள்வியில் தவறில்லை. ஒரு பையன் தெருவில் உட்கார்ந்து படித்தான் என்றால், உள்ளே யாரோ கதவைச் சாத்தியிருக்க வேண்டும். இத்தனை மேடைகளில் தன்னைத் தெருவில் உட்காரவைத்த மேலாளர், கதவைச் சாத்தியது யார் என்று யோசித்ததே இல்லை.

அம்மா மகனைப் பார்த்தாள். பிறகு கேமராவைப் பார்த்தாள்.

"இல்லம்மா, கண்டுக்கல. எங்களுக்குப் படிப்பைப் பத்தி என்ன தெரியும்? அவனா படிச்சான், அவனா முன்னுக்கு வந்தான். தப்பெல்லாம் எங்க மேலதான். அப்படியே போட்டுக்கோ."

அக்கா வாயைத் திறந்தாள். அம்மா கிள்ளிய கிள்ளில் மூடிக்கொண்டாள்.

மேலாளர் எழுந்தார். ஈரப் பனியன் ஒன்று முகத்தில் அறைந்தது.

"அம்மா பொய் சொல்றாங்க" என்றார்.

"சும்மா இருடா, நல்லாத்தானே போயிட்டிருக்கு!" என்றாள் அம்மா.

"எங்க வீட்ல ஒரே ரூம், ஒரே பல்பு. அதுக்கடியில நான்தான் உட்கார்ந்திருந்தேன். பரீட்சை முடியற வரைக்கும் இவங்க சமையலறையில, இருட்டுல. அங்க மூணு பேருக்குத்தான் இடம். தம்பி என் காலடியில, வெளிச்சம் படாம மூஞ்சில துண்டைப் போட்டுட்டுப் படுப்பான். அக்கா பரீட்சையில ஃபெயிலானதுகூட..."

"அது கணக்கு வராததாலடா" என்றாள் அக்கா. "சூரியனையே கொண்டுவந்து தொங்கவிட்டிருந்தாலும் வந்திருக்காது."

"அப்ப இந்தக் கம்பம்?" என்றாள் படக்காரப் பெண்.

"நேத்து நட்டதும்மா" என்றார் அப்பா, விடுதலையான குரலில்.

அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "சார், தெருவிளக்குன்னா ஒரே ஆளு, கம்பீரமா இருக்கும். இது கும்பலா இருக்கே. கம்பெனியில என்ன சொல்வாங்களோ?"

"என்ன வேணா சொல்லட்டும். உள்ள வந்து எடுங்க."

அறைக்குள் கேமரா விளக்கைப் போட்டதும் சுவரெல்லாம் பளீரென்றது. எப்படிப் படுத்திருந்தான் என்று காட்டத் தம்பி தரையில் நீட்டி, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டான். படக்காரப் பெண் கோணம் பார்த்து முடிப்பதற்குள் துண்டு குறட்டையில் ஏறி இறங்கத் தொடங்கியது. விடிய விடியக் குழி தோண்டியவன்.

மேலாளர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நடந்துபோய் கேமரா விளக்கை அணைத்தார்.

"சார், லைட் இல்லாம படம் வராது!"

"வராட்டிப் போகட்டும். அவன் தூங்கறான்." குரல் தாழ்ந்திருந்தது. "எல்லாரும் சமையலறைக்கு வாங்க."

அப்பா, அம்மா, அக்கா மூவரும் அவரவர் இடத்தில் யோசிக்காமல் உட்கார்ந்தார்கள். மேலாளருக்குத்தான் எங்கே உட்காருவதென்று தெரியவில்லை. அடுப்புக்கும் தண்ணீர்க் குடத்துக்கும் நடுவே கோட்டோடு தவித்தார்.

"முட்டியை மடக்குடா தொரை" என்றாள் அக்கா, ஒதுங்கிக்கொண்டே. "இங்க பொது மேலாளருக்குத் தனி இருக்கை கிடையாது."