மோட்டார் அறைச் சாவி

ஞானசெல்வியின் சாவி கிணற்றில் விழுந்தபோது அவள் கணவன் இமானுவேல் ஊரில் இல்லை. அவனுக்கு மலைமேல் ஏலத் தோட்டத்தில் வேலை. திங்கட்கிழமை கம்பத்தில் ஜீப் ஏறினால் சனிக்கிழமைதான் திரும்புவான். மறுநாள் அவர்களுடைய தண்ணீர் முறை. திராட்சைக் கொடி பிஞ்சு விட்டிருந்தது.

கிணறும் மோட்டார் அறையும் இரண்டு குடும்பத்துக்குப் பொது. ஒரே பழைய பூட்டு, வீட்டுக்கு ஒரு சாவி. இன்னொரு சாவி இமானுவேலின் சித்தப்பா மகன் இருதயத்திடம். போய்க் கேட்டால் முடிந்தது. ஆனால் ஞானசெல்வி மகளின் கல்யாணப் பத்திரிகையில் இருதயத்தின் பெயர் விடுபட்டுப் போனதிலிருந்து, ஒரு வருடமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. அச்சாபீஸ்காரன் தவறு என்று சொல்லி அனுப்பியும் இருதயத்தின் முறைப்பு இறங்கவில்லை. பூட்டை உடைக்கலாம் என்றால் அது பொதுப் பூட்டு. அதற்கொரு பஞ்சாயத்து வரும்.

ஞானசெல்வி திண்டுக்கல் பக்கத்துக்காரி. தன் கல்யாணத்துக்கு முன் பூட்டுப் பட்டறையில் சாவிக்கு அரம் போட்டவள். கடைக்குப் போய், பல் வெட்டாத பித்தளைச் சாவி இரண்டு வாங்கினாள். ஒன்று முறிந்தால் இன்னொன்று. கூடவே சின்ன அரம், ஒரு மெழுகுவர்த்தி.

காலையில் மோட்டார் அறை வாசலில் உட்கார்ந்தாள். மெழுகுவர்த்திப் புகையில் சாவியைக் காட்டிக் கரியேற்றினாள். பூட்டில் நுழைத்து மெல்லத் திருகி எடுத்தாள். உள்ளே தகடு இடித்த இடத்தில் மட்டும் கரி அழிந்து பித்தளை மின்னியது. அந்த இடத்தை அராவினாள். மறுபடியும் புகை, மறுபடியும் திருகல்.

தலை நிமிர்ந்தபோது வரப்பில் இருதயம் மாட்டோடு நின்றான். அவள் முறையன்று அவன் இந்தப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை.

அவன் அவளைப் பார்க்காமல் மாட்டிடம் சொன்னான். “ரொம்ப அராவுனா சாவி முறிஞ்சு உள்ள மாட்டிக்கிரும். தெரிஞ்சுக்க.”

ஞானசெல்வி பூட்டிடம் சொன்னாள். “சாவிய இடுப்புல சொருகிக்கிட்டு வேடிக்கை பாக்குறவுக யோசனை வேற சொல்றாக.”

மாடு புல்லைத் தேடி அந்தப் பக்கம் போய்விட்டது. இருதயம் போகவில்லை. சாவி பாதி சுற்றி நின்றதைப் பார்த்ததும் கிட்டே வந்தான்.

“எடது பக்கம் இன்னும் இடிக்குது.”

“யாருகிட்டச் சொல்றீக? மாடு அங்கன நிக்கிது.”

“மதினிகிட்டத்தான்.”

அந்தச் சொல்லைக் கேட்டு ஒரு வருடமாகியிருந்தது. சிரிப்பு தெரியாதிருக்க அவள் குனிந்து சாவியைப் பார்த்தாள். அவன் சொன்னது சரி. இடது பக்கம் இரண்டு இழுப்பு இழுத்து, மறுபடி நுழைத்துத் திருகினாள். பூட்டு வாயைத் திறந்தது.

“சும்மா சொல்லக் கூடாது மதினி,” என்றான். பிறகும் நின்றுகொண்டிருந்தான். “அதே மாதிரி எனக்கும் ஒண்ணு போட்டுத் தருவீகளா?”

“ஒங்ககிட்டத்தான் இருக்கே.”

“தை மாசமே தொலைஞ்சிருச்சு.”

“அப்பப் பிடிச்சு எப்படி மோட்டார் போடுறீக?”

அவன் கூரையைக் காட்டினான். “அந்தத் தகரத்த நிமித்திட்டு உள்ள குதிப்பேன். ரெண்டு சட்டை போச்சு. எங்கன போயி கிழிச்சுட்டு வர்றன்னு வீட்டுல கிளாரா தெனம் கேக்குறா.”

“எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டா என்ன?”

“நீங்க கேட்டீகளா?”

அவன் குதித்து இறங்கும் காட்சியை நினைத்து ஞானசெல்வி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் நீர் வந்துவிட்டது. அவனும் சிரித்தான்.

மோட்டார் ஓடத் தொடங்கியது. யாரும் சொல்லாமலே இருதயம் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் அவள் கொடிக்கு மடை திறந்துவிட்டான். இரண்டாவது சாவிக்குப் புகை தேவைப்படவில்லை. முதல் சாவியோடு சேர்த்துப் பிடித்து, அளவு பார்த்து அராவினாள். பூட்டில் போட்டு இரண்டு தரம் திறந்து மூடிக் காட்டிக் கொடுத்தாள்.

“கிளாரா கருவாட்டுக் கொழம்பு வச்சிருக்கா,” என்றான் இருதயம். “மத்தியானம் வாங்க மதினி.”

“வாறேன். கடைசி வரிசைக்குத் தண்ணி ஏறட்டும்.”